பால்கனிக்குப் போன குழாய்

என் சகலைக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று மாமனார் வீட்டில் எல்லோருக்கும் ஒரு எண்ணம். அதில் என் மனைவியும் சேர்த்தி. அவளுடைய அக்காவைக் கட்டியவர் அவர். கேம் விளையாடுகிறவர்களுக்குப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அவர் பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். இதை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது.

எங்கள் வீட்டில் வேலை பார்க்க இருப்பது ஒரே அறை. இன்னும் கட்டாத வீடுகள், கட்டினால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு படம் முடிய மிஷின் மணிக்கணக்கில் ஓடும், கொதிக்கும். அதனால் என்னுடையது தண்ணீரில் குளிர்விக்கிற வகை. உள்ளே இருக்கும் சூட்டைத் தண்ணீர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், மூன்று ஃபேன்கள் ஊதி ஆற்றும். அந்த ஃபேன்களின் இரைச்சல் எனக்கு ரொம்ப வசதி. அதற்கு அடியில் யாரை வேண்டுமானாலும் வாய்விட்டுத் திட்டிக்கொள்ளலாம். முடிந்த படத்தைத் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்லும் எஞ்சினியர், மேல்மாடிக்காரர், சகலை என்று ஒருவரையும் நான் விட்டுவைத்ததில்லை. பக்கத்து மேஜையில் இருக்கும் மனைவிக்கே கேட்காது.

அவள் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்கிறவள். என் மிஷின் ஓடினால் அவள் மைக்கை அணைக்க வேண்டியதுதான். அதனால் கொஞ்ச நாளாக அக்கா வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறதாம், அவ்வளவு அமைதியாம். போகும்போது அவள் முகம் எப்படி இருந்தது, வரும்போது எப்படி இருந்தது என்று பார்த்துப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"பெரிய புத்தகம் ஒண்ணு வந்திருக்கு. முடிய மாசக்கணக்காகும். இங்க சரிப்படலைன்னா மைக், மேஜை எல்லாத்தையும் அக்கா வீட்டுக்கே கொண்டுபோயிடலாம்னு இருக்கேன்."

அவள் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்கு வழி சொல்லவும் சகலைதான் வந்து நிற்க வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரில்லிங் மிஷினும் ஒரு கட்டுக் குழாயுமாக வந்து இறங்கினார்.

"ரேடியேட்டர், ஃபேன், பம்ப் மூணையும் பால்கனிக்குக் கொண்டுபோயிடலாம் சகலை. ஏசிக்காகப் போட்டு அடைச்ச ஓட்டை இருக்குல்ல, அது வழியா குழாயை இழுத்துடலாம்."

"அவ்வளவு நீளக் குழாயா? தண்ணி போய்ச் சேர்றதுக்குள்ள வழியிலயே சூடாயிடும். மிஷின் வெந்துபோகும்" என்றேன்.

"ஆகாது சகலை. தண்ணி சுத்திக்கிட்டே இருக்கு. கொஞ்ச நேரத்துல குழாய் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடுதான். நீளம் கூடினா ஓட்டம் லேசா குறையும், அதுக்குத்தான் பெரிய பம்ப் கொண்டுவந்திருக்கேன். குழாய் எங்கயும் மடங்காம இருந்தா போதும்."

மனைவி தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து நானும் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன், ஒன்றுக்கும் அப்படி ஆட்டியதில்லை. அவர் சுவரைக் குடைய, அவள் முறத்தைப் பிடித்துக்கொண்டு தூசி வாங்கினாள். அவர் என்னவோ சொன்னார், விழுந்து விழுந்து சிரித்தாள். காபி கொடுத்தாள், அதுவும் என் கப்பில். நான் குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

மத்தியானம் கிளம்பும்போது சகலை சொன்னார்: "மிஷினை முழு வேகத்துல ஓட விடுங்க. அவ வாசிக்கட்டும். பதிவை அப்படியே எனக்கு அனுப்புங்க, கடை ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுச் சொல்றேன்."

இருப்பதிலேயே கனமான படத்தை ஓட விட்டேன். மனைவி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். வாசிக்கத் தொடங்கினால் அவளுக்கு வேறு எதுவும் காதில் ஏறாது. என் கண் திரை மூலையில் இருந்த சூட்டின் மேலேயே இருந்தது. பழைய குட்டைக் குழாய் இருந்தபோது எழுபது டிகிரி காட்டும். இப்போது அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்தொன்று. ஒரு டிகிரி அதிகம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சூடு ஏறினால் இவள் மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்பது தெரியும். தெரிந்தும் இன்னும் ஏறு, இன்னும் ஏறு என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

பால்கனியில் வெயில் நகர்ந்தது. எழுபத்தொன்று, திரும்ப எழுபது ஆயிற்று. அதற்கு மேல் அசையவே இல்லை. அப்போது எரிச்சல் தலைக்கேறி, வழக்கம்போல் நான் வாயைத் திறந்தேன்.

பதிவு போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சகலையின் குரல் செய்தி வந்தது. மனைவி சத்தமாகவே போட்டாள்.

"மிஷின் சத்தம் துளிகூட இல்லம்மா. ஜெயிச்சாச்சு. ஆனா பின்னாடி உன் வீட்டுக்காரர் பேசறது மட்டும் நல்லா தெளிவா கேக்குது. என் சட்டை கலர் அவருக்குப் பிடிக்கலைன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாது."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை முதலிலிருந்து கேட்டாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். பிறகு ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு எனக்கும் போட்டுக் காட்டினாள். அவள் வாசிப்புக்கு நடுவே, அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில், என் குரல். 'அவன் வீட்டுல உக்காந்தாத்தான் இவளுக்கு வாசிக்க வருமாம். என்கிட்ட என்னைக்காவது இப்படிச் சிரிச்சிருக்காளா?'



"அவர் வீட்டுல உக்கார எனக்கு ஆசையா இருந்திருந்தா," என்றாள், "இந்தக் குழாயை இழுங்க மாமான்னு அவர்கிட்ட எதுக்கு ஒரு மாசமா கெஞ்சினேன்?"

ஹெட்போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள், பாதி கோபமும் பாதி வேறு எதுவோவுமாக:

"நாளைக்குக் காலையில இங்கதான் ரெகார்டிங். நான் வாசிக்கும்போது படத்தை ஓட விட்டுட்டு நீங்க பால்கனிக்குப் போயிடுங்க. சத்தம் போடறதையெல்லாம் அங்கதானே வச்சிருக்கோம்."

இப்போது தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் என் முகத்திலேயே சூட்டை ஊதுகிறது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் எங்கள் அறையில், தன் மேஜையில் வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஏதோ வேடிக்கையான இடம் போல, தனக்குத் தானே சிரிக்கிறாள். அதை எழுதியவன் யார் என்று சாயங்காலம் கேட்க வேண்டும்.