நான் தள்ளிவைத்த கோள்

இருபத்தாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். பெயர் உதயரூபன், ஊர் தன்னாமுனை. கண்காட்சி, போட்டி என்றால் என்னை நடுவராகக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் எனக்குக் கோபம் வரும். அவ்வளவு பெரிய ஆள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஆசிரியர்களுக்கான கற்பித்தல் சாதனப் போட்டி மாவட்ட மட்டத்தில் நடந்தது. ஏறாவூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்து முப்லிஹா வந்திருந்தாள். ஒரு காலத்தில் என்னிடம் உயர்தர டியூஷன் படித்தவள், இப்போது அவளும் விஞ்ஞான ஆசிரியை. பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி, உமியைத் தூவி, அகப்பைக் காம்பால் ஒரு சுழற்றுச் சுழற்றினாள். சுற்றச் சுற்ற உமி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. புதிதாகப் பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றும் தூசியும் இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் கோளாகிறது என்றாள். எனக்கே பிடித்திருந்தது.

பக்கத்தில் ஒரு பலகை. நடுவில் மஞ்சள் மின்குமிழ், அதையொட்டி ஒரு பெரிய பந்து. பந்தில் ‘வாயுக்கோள்’ என்று எழுதியிருந்தது. அங்கேதான் என் கண் போய் நின்றது. நான் வருடாவருடம் ஒப்புவிக்கிற பாடம் என்ன? சூரியனுக்குக் கிட்டப் பாறைக் கோள்கள், எட்ட வாயுக்கோள்கள். கையிலிருந்த புள்ளித்தாளில் ‘விடயச் சரித்தன்மை: இருபது’ என்று வேறு இருந்தது.

“என்ன புள்ள, வியாழனக் கொண்டுவந்து அடுப்புக்குள்ள வெச்சிரிக்காய்?” என்றேன்.

சுற்றி நின்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

“இது நம்மட சூரியன் இல்ல சேர், வேற நட்சத்திரம். கோள் தூரத்திலதான் உண்டாகியிரிக்கி. சுத்தியிருந்த வாயுவும் தூசியும் அத உள்ளுக்கு இழுத்திட்டு. இப்ப நாலு நாளைக்கு ஒருக்காச் சுத்தி வருதாம்.”

“நாலு நாளா? அது கோளா, கல்முனை பஸ்ஸா?”

இன்னும் பெரிய சிரிப்பு. அது போதாதென்று நானே குனிந்து, பந்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தேன். “இதுதான் அதுக்கு இடம்.” இருபதுக்குப் பூச்சியம் போட்டேன். அவள் “ஓம் சேர்” என்றாள்.

மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் தேடினேன். அவளை மடக்க இன்னும் ஏதாவது கிடைக்குமா என்றுதான் தேடினேன், வேறு நல்லெண்ணம் இல்லை. கிடைத்தது. அப்படி ஒரு கோளை 1995இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். வியாழனில் பாதி நிறை, நாலே நாளில் ஒரு சுற்று. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில். நான் கரும்பலகையில் எழுத வெண்கட்டியைக் கையில் பிடிக்க முதலே கண்டுபிடித்ததை இருபத்தாறு வருடமாகத் தேடிப் பார்க்காதவன்தான் அங்கே நடுவர்.

அப்போது மணி ஒன்றரை. முடிவு மூன்று மணிக்கு. புள்ளித்தாள் என் சட்டைப்பையில்தான் இருந்தது, ஒரு கீறலில் திருத்தியிருக்கலாம். ஆனால் சிரித்தவர்களின் முகத்தில் எப்படி முழிப்பது? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று தாளைக் கொடுத்துவிட்டேன். அந்த இருபதும் இருந்திருந்தால் அவள் முதலாமிடம், மாகாணப் போட்டிக்குப் போயிருப்பாள். நாலாமிடம் என்று வாசித்தார்கள். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த வெட்கம் என்னை விடவில்லை. வகுப்பில் கோள்கள் பாடம் வந்தபோது வாய் குளறியது. கடைசியில் ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய பாடசாலைக்குப் போனேன். ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்று தொடங்கும் பேச்சொன்றை வழி நெடுக ஒத்திகை பார்த்தேன். ஆளில்லாத இடத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

அவள் வகுப்பில் இருந்தாள். மூலையில் அதே பலகை. நான் வைத்த அதே ஓரத்தில் பந்து இருந்தது. பசை போட்டு ஒட்டியிருந்தாள்.

வெளியே கூப்பிட்டேன். “ஏன் புள்ள அத அங்க ஒட்டினாய்?”

“நீங்க சொன்னாப் பிழையா இரிக்காதே சேர். நான் வாசிச்சதுதான் பொய்யாக்கும் எண்டு நினைச்சன். பிழையாப் படிப்பிச்சிட்டன் எண்டு புள்ளைகளுக்கிட்டச் சொல்லி, கொப்பியில எழுதின வரிய வெட்டச் சொன்னன்.”

ஒத்திகை பார்த்த ஆனை அங்கேயே விழுந்தது.

“இல்ல முப்லிஹா. நீ வெச்ச இடம்தான் சரி. பிழை என்னில. அண்டைக்கு மத்தியானமே எனக்குத் தெரியும்.”

“முடிவு சொல்ல முந்தியா?”

“ஓம்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “மாகாணப் போட்டி முடிஞ்சி போயிட்டு சேர். அத விடுங்க. உள்ள வந்து புள்ளைகளுக்குச் சொல்லுங்க. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலதானே மாத்தினீங்க.”

போனேன். முப்பது பிள்ளைகள் எழும்பி ஸலாம் சொன்னார்கள். பந்தைப் பெயர்த்தேன், பசை இலேசில் விடவில்லை. மின்குமிழுக்குக் கிட்ட வைத்தேன். “உங்கட டீச்சர் முதல் சொன்னதுதான் சரி. இதத் தூர எடுத்து வெச்சது நான்தான்,” என்றேன். கொப்பிகளைத் திறந்து, வெட்டிய வரிக்கு மேலே திரும்ப எழுதத் தொடங்கினார்கள்.

முன்வாங்கில் ஷஸ்னா என்ற பிள்ளை கையை உயர்த்தினாள். “அப்ப ஏன் சேர் தூர வெச்சீங்க?”

புத்தகம், புள்ளித்தாள், ஆனை என்று சாக்குகள் எல்லாம் வாய்வரை வந்தன. முப்லிஹா என்னைப் பார்க்காமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாம இருந்திச்சு மகள். தெரியாதெண்டு சொல்ல வெக்கம். தெரிஞ்ச பிறகு, அதச் சொல்ல இன்னும் வெக்கம்.”

அவள் தலையாட்டிவிட்டு அதையும் கொப்பியில் எழுதினாள்.