ஆறு மணிக் கதவு

"2603 மே 11, செவ்வாய். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். என் கடிகாரம் பழைய மணியில் ஓடுவதை மறந்து, அதைப் பார்த்தே வகுப்புக்குக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இது இரண்டாவது தடவை."

எழுதியதைப் பக்கிரிசாமி இன்னொரு முறை படித்தான். 'சிறு' என்ற சொல்லை அடித்தான். பிறகு, அடித்தது சரிதானா என்று யோசித்தான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு 1943 போய், அவர்கள் ஆண்டுக் கணக்கில் 2603 வந்துவிட்டது. சர்க்கார் கடிகாரமும் தோக்கியோவுக்கு ஏற்றபடி ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடியது. பீடோங் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் புது மணியில் நடந்தது. பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டுகிறவர்கள் பழைய மணியிலேயே எழுந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் கணக்கு எழுதும் சின்னக் கிராணி பக்கிரிசாமி. செவ்வாயும் புதனும் புது மணி ஆறுக்கு அவனுக்குப் பீடோங்கில் நிப்பொங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்பு. ஆறு அடித்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று நாள் வராதவனுக்குக் கிராணி வேலை போய்விடும். ஆபீசில் பேர் இல்லாத இளவட்டமெல்லாம் சயாம் ரயில் பாதை போடும் கட்டாய வேலைக்கு. போன மாதம் லாரி ஏறிய பதினேழு பேரிடமிருந்து ஒரு கடிதாசிகூட வரவில்லை.

ஆகவே, கோடு போட்டு ஓர் அட்டவணை எழுதினான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு, மரவெட்டு, பால் நிறுவை, பீடோங்குக்கு ஒரு மணி நேர நடை. எல்லாம் புது மணியில்.

புதன் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது.

பெரட்டுக்கு வந்த நாற்பத்து மூன்று பேரும் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். ஈர மரத்தை வெட்டினால் பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்துக்குள் இறங்காது. பட்டையெல்லாம் வழிந்து வீணாகும்.

"தண்டல் அண்ணே, எப்ப வெட்டுக்குப் போவாங்க?"

"மரம் காஞ்சதும்," என்றார் வெட்டுக்காரர்களை மேய்க்கும் முனியாண்டி.

"அட்டவணையில ஏழரைன்னு போட்டிருக்கேன்."

"அத மழைகிட்ட காட்டு, தம்பி. அதுக்கு நிப்பொங்கோ தெரியாதுலா, தமிழ்லயே படிச்சுச் சொல்லு."

வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கிரிசாமி ஏழரையை அடித்து ஒன்பதாக்கினான். அப்புறம் பத்தரை.

பால் வாளிகள் நிறுவைக் கொட்டகைக்கு வரத் தொடங்கியபோது புது மணி மூன்று. முதலில் வந்தவள் காளியம்மா, புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் எண்.

"நிறுங்க கிராணி."

"ஒன்னாம் நம்பர் வரட்டும்க்கா."

"அவன் இன்னும் மேட்டுக்கு அந்தாண்ட மங்கு வழிச்சுகிட்டு இருக்கான்."

"புத்தகம் நம்பர் வரிசையில இருக்கு. மாத்தினா குழம்பிப் போயிடும்."

"யாருக்கு? எனக்குக் குழம்பல. வீட்டுல கைப்பிள்ளை பாலுக்குக் கத்துது. தினம் இதே கூத்து. வந்தவ நிக்கணும், வராதவனுக்குத் தராசு காத்துக் கெடக்கணும். அப்புறம் நேரமாச்சு நேரமாச்சுன்னு நீங்க கொதிக்கிறது."

"மெதுவாக்கா," என்றாள் பின்னால் வாளியோடு வந்த இராசாத்தி. "அட்டவணையில திட்டு வாங்க நேரம் ஒதுக்கலையாம்."

பக்கிரிசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அவர்கள்மேல் இல்லை என்று தெரிந்தபோது எரிச்சல் இன்னும் கூடியது. மணியைத் திருத்தினான், மழையைத் திட்டினான், தண்டலைக் கெஞ்சினான். கொட்டகையில் தினமும் முக்கால் மணி நேரம் ஒன்றாம் எண்ணுக்காக உட்கார்ந்திருந்ததை மட்டும் எந்தக் கட்டத்திலும் போடவில்லை. அதையும் வேலை என்றே நினைத்திருந்தான்.

ஆனால் யாராவது விட்டுப்போனால்? ஒருவர் பாலை இன்னொருவர் பேரில் எழுதிவிட்டால்? பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றான். காளியம்மா வாளியைத் தானே தூக்கித் தராசில் மாட்டினாள்.

"சரி, விடுங்கக்கா," என்று ஒரு தாளில் நாற்பத்தொன்று என்று போட்டு, எதிரே எடையை எழுதினான்.

அதன் பிறகு வந்தவர் வந்தபடி நிறுத்துவிட்டுப் போனார்கள். ஒன்றாம் எண்காரன் கடைசிக்கு முந்தி வந்து, "எனக்கு முன்னாடியேவா எல்லாரும்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு பேர். மறுபடி எண்ணினான், நாற்பத்து மூன்று. மூன்றாவது தடவையும் எண்ணப் போனான்.

"போ தம்பி," என்றார் முனியாண்டி. "அவங்க கதவு உனக்காக நிக்காது."

மணி நாலே முக்கால். சேற்றுப் பாதையில் பாதி நடந்தான், பாதி ஓடினான். கதவு திறந்திருந்தது. பேர் கூப்பிட்டபோது அவன் சொன்ன "ஹய்" மூச்சிரைப்பில் இருமலாக வந்தது. ஆசிரியர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறி போட்டார்.

பாடம் தொடங்குமுன் நோட்டைத் திறந்தான்.

"2603 மே 12, புதன். ஆறுக்கு முன் வந்துவிட்டேன். நாளை: பெரட்டு முடிந்ததும், தாளில் உள்ள நாற்பத்து மூன்று எடையையும் எண் வரிசைப்படி புத்தகத்தில் ஏற்ற வேண்டும்."