கறுப்புக் கண்ணாடிப் பரம்பரை

"உங்க மூணு பேருக்குள்ள பிரச்சினை என்னன்னா, பிரச்சினையே இல்ல" என்றார் மேனேஜர்.

அக்கா சிரித்துவிட்டாள். தம்பியும் சிரித்தான். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் வீட்டுக்காரரும் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. இவர்களுடைய முதல் ஆல்பம் விற்ற லட்சணத்துக்கு அந்த மனிதருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

குழுவின் பெயர் 'மொட்டை மாடி'. தம்பி கிடார் வாசித்துக்கொண்டே பாடுவான், அக்கா பேஸ் கிடார், மாமா டிரம்ஸ். மற்ற குழுக்களில் டிரம்மர் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணினால்தான் பாட்டு தொடங்கும். இவர்களுக்கு அந்த வேலையே இல்லை. தம்பி மூச்சை இழுப்பான். அந்தச் சத்தத்திலேயே அக்காவின் விரல் தந்தியில் விழும். சின்ன வயதில் ஒரே போர்வைக்கு அடித்துக்கொண்டு தூங்கியவர்கள், அவன் மூச்சு அவளுக்குத் தெரியாதா? உலகத்தில் அவளுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

மேனேஜர் சுவரைக் காட்டினார். எந்த ரெக்கார்டு கம்பெனிக்குள் நுழைந்தாலும் அந்தப் படம்தான் தொங்கும். 'இரும்புக் கதவு' என்ற பழைய ராக் குழுவின் கடைசி ஆல்பத்து அட்டை. பாடகர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் பார்க்கிறார். கிடார்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம் பார்க்கிறார். இருவரும் ஜென்மப் பகையாளிகள், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் தனித்தனி அறையில் நின்று அதைப் பதிவு செய்தார்கள் என்பது ஊரறிந்த கதை. அந்தக் கோபம்தான் அந்தச் சத்தம் என்று விமரிசகர்கள் எழுதி எழுதிக் கை ஓய்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பாப் குழுக்களைக் கேட்கவேண்டுமா! மீசை முளைக்காத பயல்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் வேலையாகக் கறுப்புக் கண்ணாடி வாங்குவார்கள், ஆளுக்கொரு திசை பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், பாட்டெல்லாம் அப்புறம்தான். ஒரு குழு சண்டை எழுதிக் கொடுக்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தது.

"பாசமா வாசிச்சா பாட்டு இனிக்குது. இனிச்சா எவன் கேட்பான்?" என்றார் மேனேஜர். "சண்டை போடுங்க. இல்லேன்னா அடுத்த ஆல்பம் கிடையாது."

சரி, பிழைப்பு என்று வந்துவிட்டால் என்ன செய்வது. மூவரும் ஸ்டூடியோவில் சண்டை ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள்.

"நீ மூக்கால பாடுறே" என்று ஆரம்பித்தாள் அக்கா.

"ஆமாக்கா, எல்லாரும் சொல்றாங்க" என்று ஒத்துக்கொண்டான் தம்பி.

"மாப்ளே, நீ ஒழுங்கா குளிக்கிறதே இல்ல" என்றார் மாமா.

"நேத்து குளிச்சேனே மாமா."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "உண்மையா ஏதாவது சொல்லுங்கய்யா! மனசுக்குள்ள கிடக்கிறதை எடுங்க!"

தம்பி, பாவம், பொறுப்பாக யோசித்தான். பரீட்சையில் விடை ஞாபகம் வந்துவிட்டவன் மாதிரி முகம் மலர்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, முதல் ஆல்பத்துல நீ வாசிச்சதை அழிச்சுட்டு வேற ஆளை வச்சு வாசிச்சோம். உனக்குத்தான் தெரியாது."

அக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் டிரம்மில் இருந்த ஒரு திருகாணியை மும்முரமாக முறுக்கிக்கொண்டிருந்தார். ஆக, இந்த மனுஷனுக்கும் தெரியும்! அந்த ஆல்பத்தைச் சமையலறையில் ஓடவிட்டு, "இந்த இடத்துல என் கை எப்படிப் பேசுது பாருங்க" என்று அவள் பீற்றிக்கொண்டபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்.

"அற்புதம்!" என்று மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதை அப்படியே வச்சுக்கங்க! யாரும் சமாதானமாயிடாதீங்க!"

சமாதானமா! அக்கா அன்றைக்கே தனி அறை கேட்டாள். நடுவில் கண்ணாடிச் சுவர் வந்தது. தம்பியின் மூச்சு கேட்கவில்லை. அதனால் மாமா வாய்விட்டு எண்ண வேண்டியதாயிற்று. அந்த எண்ணிக்கையும் சேர்ந்து பதிவானது. பாட்டு பிய்த்துக்கொண்டு போயிற்று. 'அந்த ஒண்ணு, ரெண்டில் ஒரு குடும்பத்தின் விரிசல் கேட்கிறது' என்று ஒரு விமரிசகர் உருகினார். கொஞ்ச நாளில் எந்தப் புதுக் குழுவின் பாட்டைப் போட்டாலும் எவனாவது ஒருத்தன் எண்ணிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரரிடம் அக்கா காய்கறிக் கணக்குக்கு மேல் பேசுவதில்லை. தம்பி போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. மறுபடி செய்யாதே, மார்க்கெட் விழுந்துவிடும் என்று மேனேஜர் அவனை மிரட்டிவைத்தார். அப்புறம் எல்லாம் அவர் வழியாகத்தான். "பேஸைக் கொஞ்சம் குறைக்கணுமாம்." "முடியாதாம்." இப்படியே மாதங்கள் ஓடின. அவன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பது நிஜம். ஆனால் வீம்பு இருக்கிறதே, அது இறங்குமா?

விருது விழா வந்தது. மேடையில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள், ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி, எல்லாம் கம்பெனி உபயம். விருது கொடுக்க 'இரும்புக் கதவு' கிடார்காரரையே அழைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அந்தப் பெரியவர் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்களுக்கும் அவருக்கும் அப்படி என்னதான் சண்டை?"

"சண்டையா? அவனுக்குக் கண்ணுவலிம்மா! ரெண்டு கண்ணும் செக்கச்செவேல்னு கிடந்துச்சு. பார்த்தாலே ஒட்டிக்கும்னு என் பொண்டாட்டி மிரட்டி அனுப்பினா. அதான் தனி ரூம். அதான் கறுப்புக் கண்ணாடி. நான் பயந்துக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்னேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்புறம்?"

"பேப்பர்காரன் சண்டைன்னு போட்டான். ஆல்பம் பறந்துச்சு. கொஞ்ச நாள் பேசாத மாதிரியே இருங்கன்னு கம்பெனி சொல்லுச்சு, இருந்தோம். முதல்ல நடிப்புதான். அப்புறம் அவன் முதல்ல கூப்பிடட்டுமேன்னு நான், நான் கூப்பிடட்டுமேன்னு அவன்." பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டான். சாவுக்குப் போனா, அங்கேயும் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்து நீட்டுறானுங்க."

அக்காவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அக்கா தன் கூண்டைத் தாண்டி நடந்தாள். கிடாரின் ஒயரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தம்பியின் கூண்டுக்குள் நுழைந்தாள். ஒருவர் நிற்கும் இடத்தில் இருவர், கூட இரண்டு கிடார்.

"என் பேஸை ஏன்டா அழிச்சே?"

"நீ மோசமா வாசிச்சேக்கா. சொன்னா அழுவே."

"அழுதுட்டு மறுபடி வாசிச்சிருப்பேன்ல? எருமை!"

கறுப்புக் கண்ணாடியை அவன் முகத்திலிருந்து பிடுங்கினாள். அவன் கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"ஐயோ, கண்ணுவலியா?"

"இல்லக்கா" என்று மூக்கை உறிஞ்சினான் அவன்.

மேடை ஓரத்தில் மேனேஜர், "வெளியே வாங்க, வெளியே வாங்க" என்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே மாமா குச்சிகளைத் தூக்கி எண்ண ஆரம்பித்தார்.

"ஒண்ணு... ரெண்டு..."

தம்பி மூச்சை இழுத்தான். அவர் மூணு சொல்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.