நாலாவது லாக்

காணாமல் போனது ஒரு லாக். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கம்பி வளையம், அவ்வளவுதான். வாட்டர் ஸ்கூட்டர் இஞ்சினில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் 'பின்' என்ற உருளை நகராமல் இரண்டு பக்கமும் தடுத்து நிற்பது அதுதான். இரண்டு பிஸ்டன், நாலு லாக். புது பாக்கெட்டைப் பிரித்து நாலையும் நானே தட்டில் வரிசையாக வைத்தேன். மூன்றை மாட்டியாயிற்று, நாலாவதைக் காணோம்.

மாட்டிக்கொண்டிருந்தவன் என் மைத்துனன். மனைவியின் தம்பி, பட்டறையில் எனக்குக் கூட்டாளி. வேலையில் கெட்டிக்காரன். ஆனால் எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் அத்தான்" என்பான். அவன் அப்படிச் சொன்னால் நான் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்ப்பேன். சந்தேகம் என் கூடவே பிறந்தது என்று வீட்டில் திட்டு விழும். இஞ்சின் வேலைக்கு அது இல்லாமல் முடியாது என்பது என் கட்சி.

"என்ன மச்சான், உள்ள விழுந்துருச்சா?"

"இல்ல அத்தான், நான் அதைக் கையாலயே தொடல. எடுக்கலாம்னு திரும்பினா தட்டுல இல்ல."

"துணி வெச்சியா?"

"பாருங்களேன், வெச்சுதானே இருக்கு."

இருந்தது. லாக்கைத் தொடுவதற்கு முன் இஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும், அது எங்கள் பட்டறைச் சட்டம். லாக் சட்டென்று தெறிக்கும். உள்ளே விழுந்தால் இஞ்சின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாவற்றையும் கடித்துக் குதறிவிடும். ஆனால் அந்தத் துணி சலவைக்குப் போய் வந்த மாதிரி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. வேலை நடக்கிற இடத்தில் துணி இப்படியா இருக்கும்? தெறித்தது தெரிந்த பிறகு வைத்திருக்கிறான் என்று என் மனம் முடிவுகட்டிவிட்டது.

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அது ஏரி மீட்புக் குழுவின் ஒரே வண்டி. ஓட்டுகிறவள் என் மகள். மறுநாள் காலை ஏரியில் நீச்சல் போட்டி. மதகுப் பக்கம் தண்ணீர் ஆளை இழுக்கும், அங்கேதான் அவளை நிறுத்துவார்கள். யாரையோ தூக்கப் போகும்போது இஞ்சின் இறுகி நின்றால் அவளும் சேர்ந்து போவாள்.

காந்தக் குச்சியை எடுத்தேன். தட்டுக்கு அடியில், மேஜைக்குக் கீழே, அலமாரி இடுக்கில், கதவு இடுக்கில், அவனுடைய சட்டைப் பையில்கூடத் துழாவினேன். முகம் சிவந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். துணியை எடுத்துவிட்டுக் கிராங்க் கேஸுக்குள் குச்சியை விட்டுச் சுழற்றினேன். ஒன்றும் ஒட்டவில்லை. மணிக்கட்டு வலிக்கு மனைவி வாங்கி மாட்டிவிட்ட பட்டை வேறு சட்டைக் கைக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

"உள்ள இல்ல அத்தான். சொன்னா நம்புங்க."

"நம்பி நம்பித்தான் இந்த நிலைமை. கேஸை ரெண்டாப் பிரிச்சுப் பாத்துடலாம்."

"பிரிச்சா நாளைக்கு வண்டி போகாது. போட்டியை என்ன பண்றது?"

"போகலைன்னா போகட்டும்."

அவன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பழைய சாமான்கள் கிடக்கும் பக்கம் அது. கொஞ்ச நேரத்தில் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"கிடைச்சிருச்சு அத்தான்! கதவு இடுக்குல கிடந்துச்சு!"

உள்ளங்கையில் ஒரு லாக் பளபளத்தது. அந்தக் கதவு இடுக்கை நான் குச்சியால் தடவியிருந்தேன். லாக்குக்கு என்ன, கால் முளைத்ததா? அவனையே உற்றுப் பார்த்தேன், அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். பயல் இதை ஒளித்துவைத்து என்னைக் குனிய வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறான்! எத்தனை வருஷமாக நான் சந்தேகப்பட்டதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கிறான்.

கோபத்தில் லாக்கை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மாட்டு" என்றேன். துணியைத் திரும்ப அடைத்து மாட்டினான். துணியை எடுத்துச் சிலிண்டரை இறக்கி மூடினோம். தண்ணீர்க் குழாயைச் சொருகி ஓடவிட்டதும் இஞ்சின் அழகாகப் பாடியது. அவன் சிரித்தான், நான் முகம் கொடுக்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள், உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டே. வண்டியைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்தது.

"அம்மா வாங்கின பட்டை வலிக்குக் கேக்குதாப்பா?"

"உறுத்துது, அவ்வளவுதான்."

"காட்டு."

சட்டைக் கையை மேலே தள்ளினாள். பட்டையின் மேல், நாடி பார்க்கிற இடத்தில், கிரீஸ் பூசிக்கொண்டு ஒரு லாக் ஒட்டியிருந்தது. அந்தப் பட்டையில் காந்தம் உண்டு. வலிக்குக் காந்தம் நல்லது என்றுதான் மனைவி வாங்கினாள். கொறடு எடுக்கத் தட்டின் மேலாகக் கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறி, நானேதான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். காந்தத்தைக் கையில் கட்டிக்கொண்டு இன்னொரு காந்தத்தால் ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

மகள் அதைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். "புதுசு. பாக்கெட்ல எத்தனைப்பா?"

"நாலு."

"அப்ப உள்ள மாட்டினது?"

மைத்துனன் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தான், அது விழுந்தது, மறுபடி சாய்த்தான்.

"பழசு. கழட்டிப் போட்டதுல ஒண்ணு. தேய்ச்சுத் துடைச்சேன்" என்றான்.

கழற்றிய லாக்கைத் திரும்ப மாட்டவே கூடாது. ஒரு தடவை வளைத்து எடுத்தால் அதன் பிடி தளர்ந்துவிடும். எனக்கு இது தெரிந்த அளவு அவனுக்கும் தெரியும்.

"அறிவிருக்கா உனக்கு? அவ உயிர்டா!"

"உள்ள விழலைன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும் அத்தான். முதல்லயே துணி வெச்சிருந்தேன். எத்தனை வாட்டி சொன்னேன்? நீங்க கேஸைப் பிரிக்கிறதுலயே நின்னீங்க. என்னைத் திருடன் மாதிரி சோதனை போட்டீங்க. ஒண்ணு கொண்டாந்து குடுத்தாத்தான் விடுவீங்கன்னு தோணுச்சு." அவன் ஸ்பானரைக் கையில் எடுத்தான். "தப்புதான். நாளைக்கு முடிஞ்சதும் மாத்திடலாம், பாத்துக்கலாம்னு நினைச்சேன்."

அவன் பொய் சொன்னான், சரி. அந்தப் பொய்க்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனது யார்? அவன் உண்மை சொன்னபோது நம்பவில்லை. பொய்யோடு வந்தபோது வேறு எதையோ சந்தேகப்பட்டுக்கொண்டு, பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

பட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் அவன் சிலிண்டர் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டிருந்தான்.

"துணியை நீ வை மச்சான். உன் வேலை சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். அவன் துணியை உதறி மடித்தான்.

லாக்கைக் கேட்டு மகளிடம் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. ஸ்டூலை இழுத்து இஞ்சினுக்கு எதிரே போட்டு, லாக்கைக் கைக்குள் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாட்டுற நேரத்துக்குத் தரேன். அதுவரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "உங்க ரெண்டு பேரையும் நான் நம்பல."