சாறு மட்டும் குடித்தவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், துணியை உலர்த்தித் தேய்க்கும் ரோலருக்குத் துணி ஊட்டுவது இருவர் செய்ய வேண்டிய வேலை. ஈரப் போர்வையின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பற்றி, சுருக்கம் விழாமல் இழுத்து, கொதிக்கும் உருளையின் வாயில் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒருத்தி பிந்தினால் துணி கோணும். கோணலை நேராக்கப் போனால் கை உள்ளே போகும். ஆகவே, ஒருவர் வேகம் மற்றவருக்குப் பழகிய ஜோடியையே அங்கு நிறுத்துவார்கள். பெரியவளும் சின்னவளும் அப்படிப்பட்ட ஜோடி. அண்ணனையும் தம்பியையும் மணந்த ஓரகத்திகள்; வீட்டில் அடுப்பும் ஒன்று, வேலையில் ரோலரும் ஒன்று.

பெரியவளுக்குக் காலையில் கண் விழிக்கும்போதே களைப்பாக இருந்தது. பகல் வேலை முடிந்தபின் மடிப்பு மேசையில் கூடுதல் நேரமும் நின்று வந்தாள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வேறு. களைப்புக்கு அவள் கைப்பேசியில் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தாள்.

"உடம்பு பூரா நஞ்சு சேந்திருக்காம்டி. அதான் எந்திரிக்கவே முடியல. ஒரு வாரம் உப்பில்லாம காய்ச்சாறும் பழச்சாறும் மட்டும் குடிச்சா எல்லாம் வெளிய போயிடுமாம்."

"நஞ்சு தங்கணும்னா உடம்பு ஒரு எடத்துல நிக்கணும்கா. நீங்க எங்க நிக்கிறீங்க?"

"போடி, உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்."

சலவைக்கூடத்தின் வாசலருகே உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் எப்போதும் இருக்கும். அனலில் நிற்பவர்கள் போகும்போதும் வரும்போதும் ஒரு குவளை குடிப்பார்கள். சாற்றுப் பத்தியம் தொடங்கியபின் பெரியவள் அதைத் தொடாமல் கடந்தாள். தாகம் எடுத்தபோதெல்லாம் வெறும் தண்ணீரை வயிறு நிறையக் குடித்தாள். நஞ்சு விரைவில் கரையுமென்று நம்பினாள்.

சில நாள்களில் அவள் கை பிந்தத் தொடங்கியது. சின்னவள் அதைக் கவனித்தாள். ஆனால் வாய் திறக்கவில்லை. சொன்னால் ஜோடியைப் பிரித்துவிடுவார்கள், வீட்டில் அக்கா முகத்தில் விழிக்க முடியாது. யாரும் பாராதபோது ரோலரின் வேகத்தைச் சற்றே குறைத்து வைத்தாள்.

"என்னம்மா, ரோலருக்கும் வயசாயிடுச்சா?" என்றார் மேற்பார்வையாளர்.

"துணி தடிப்பா இருக்கு சார்," என்றாள்.

மறுநாள் முற்பகலில் பெரியவள் முனையை விடவேயில்லை. போர்வை உள்ளே போனது. அதைப் பிடித்திருந்த கையும் உருளையை நோக்கிப் போனது. கண்கள் திறந்திருந்தன, பார்வை எங்கோ இருந்தது. அவசரத்துக்கு ரோலரை நிறுத்தும் சிவப்புக் கம்பியைச் சின்னவள் காலால் உதைத்தாள். உருளை நின்றது. விரல்களுக்கும் உருளைக்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

"எதுக்குடி நிறுத்துன? எல்லாரும் பாக்குறாங்க," என்று சொல்லிக்கொண்டே பெரியவள் அழுக்குத் துணி மூட்டையின்மேல் சரிந்தாள்.

அதே மருத்துவமனையின் பெண் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்தார். நரைத்த தலை, களைத்த குரல்.

"உடம்புல உப்பு ரொம்பக் கொறைஞ்சுடுச்சு. மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. ஒரு வேளை தவறல."

"அதுதான் வினை. அது நீர் பிரிக்கிற மாத்திரை. உப்பையும் சேத்து வெளிய தள்ளும். நீங்க அனல்ல நின்னு வேர்வையும் விட்டு, சோறும் உப்பும் இல்லாம, தண்ணியா குடிச்சிருக்கீங்க."

"அப்ப அந்த நஞ்சு?"

"அத வெளியேத்தத்தான் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கு. பொழுதன்னைக்கும் அதே வேலையாத்தான் இருக்கு."

"அதுங்களும் கூடுதல் நேரம் பாக்குதா?"

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சாறு குடிங்க, வேணாம்னு சொல்லல. சோறு, பருப்பு, காய் இதுங்களோட குடிங்க. சர்க்கரையும் பொரிச்ச தீனியும் கொறைச்சுக்கோங்க. மாத்திரை போடுறவங்க எந்தப் பத்தியம் இருந்தாலும் முன்னாடியே கேட்டுட்டு இருக்கணும். உங்க சலவைக்கூடத்து உப்புத் தண்ணியும் மத்தவங்க குடிக்கிற அளவு உங்களுக்கு ஆகாது. எவ்வளவுன்னு நான் சொல்றேன். மாத்திரையையும் மாத்தித் தரேன். அப்புறம், ஓய்வு."

"அது எந்தக் கடையில கெடைக்கும்?"

மருத்துவர் இம்முறை சிரிக்கவில்லை.

வெளியே மரப்பலகையில் அமர்ந்திருந்தபோது சின்னவள் ரோலரை மெதுவாக்கியதைச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா? உன் கை வேகம் எனக்குத் தெரியாம போகுமா?"

"தெரிஞ்சும் ஏன்கா சும்மா இருந்தீங்க?"

"நல்லா இருந்துச்சுடி," என்றாள் பெரியவள். "அந்த வேகம் நல்லா இருந்துச்சு."

உடல் தேறி வேலைக்குத் திரும்பிய அன்று மாலை, மேற்பார்வையாளர் வழக்கம்போல் மடிப்பு மேசையைக் காட்டினார்.

"இன்னிக்கு இல்ல சார்."

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

சொல்லிவிட்டுப் பெரியவள் வாசலை நோக்கித் திரும்பினாள். சின்னவள் அவள் பையையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வெளியில் இன்னும் வெயில் இருந்தது. வெளிச்சத்தில் வீடு திரும்பிப் பழக்கமில்லாததால், பெரியவள் வீட்டுக் கூடத்தின் நடுவே என்ன செய்வதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு சுவரோரம் படுத்தாள்.

"சாப்பிட்டுட்டுத் தூங்குங்க."

"அஞ்சு நிமிஷம்டி."

"அஞ்சும் கெடையாது, பத்தும் கெடையாது. எந்திரிங்க."

பெரியவள் எழுந்து சுவரில் சாய்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பாதிக் கண் மூடியபடியே, ஒவ்வொரு கவளமாக மெல்லத் தொடங்கினாள்.