சிக்னலில் எரியும் விளக்கு

"நேத்தும் எரிஞ்சுது" என்றார் கிதியோன், காபி டம்ளரைக் கீழே வைத்தபடி.

எவாஞ்சலினுக்கு எது எரிந்தது என்று கேட்கவேண்டிய அவசியமே இல்லை. காரில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், எண்ணெய்க் குப்பி படம் போட்ட குட்டிச் சிவப்பு விளக்கு. இன்ஜினுக்குள் ஆயில் ஒழுங்காக ஓடவில்லையென்றால் எரியும். கொஞ்ச நாளாகவே அது அவள் கணவர் கண்ணுக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது.

மெக்கானிக் பாபு பார்க்காமல் இல்லை. ஆயில் அளவு சரியாக இருந்தது. ஒயரை ஆட்டிப் பார்த்தான், ஆயில் ஸ்விட்சையே புதிதாக மாற்றினான். கடை வாசலில் வண்டியை ஓடவிட்டு மூன்று பேரும் அந்த விளக்கையே வெறித்தார்கள். அது கம்மென்று இருந்தது. கிதியோன் அந்தப் பக்கம் போனதும் பாபு குரலைத் தாழ்த்தினான். "வண்டில ஏமி லேது ஆன்ட்டி, ஒண்ணுமே இல்ல. அங்கிளை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க."

டாக்டர் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது கிதியோனின் அண்ணன் துரைராஜ்தான். யாரும் அடிக்காத காலிங் பெல்லுக்கு எழுந்துபோய்க் கதவைத் திறந்ததில்தான் அவருக்கு ஆரம்பித்தது. அப்போது எல்லாரும் சிரித்தார்கள். இப்போது மௌலா அலி ஏரியா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சோறு ஊட்டுகிற சொந்த மகளை "யாரும்மா நீ" என்று கேட்கிறார். யாரும் சிரிப்பதில்லை.

மகள் பெர்சிஸிடம் போனில் சொன்னபோது அவள் பதறிப்போனாள். "மம்மி, ப்ளீஸ், சாவியை எடுத்து ஒளிச்சு வைங்க." நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரமும் வாங்கிவிட்டாள். கிதியோனிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம், உங்கள் மூளையைப் பார்க்கப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை சிகந்தராபாத்தில் ஆராதனை முடிந்து ஏ.எஸ்.ராவ் நகருக்குத் திரும்பினார்கள். சாவியை ஒளித்துவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. சித்திரை வெயில். வண்டி ஊர்ந்தது.

எவாஞ்சலினுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னலில் வண்டி நின்றால் கண்ணை மூடிவிடுவாள். ஒரு சிக்னலுக்கு ஓர் ஆள் என்று ஜெபம். பெர்சிஸுக்கு ஒன்று, துரைராஜுக்கு ஒன்று, சண்டைபோட்ட பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட ஒன்று. கடவுளோடு நிதானமாகப் பேச இந்த ஊர் சிக்னலைப் போல் தோதான இடம் கிடையாது என்பது அவள் கட்சி. ஜெபிக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கிதியோனும் பச்சை விழுகிறவரை வாய் திறக்கமாட்டார். இப்போதெல்லாம் எல்லாச் சிக்னலும் கிதியோனுக்கே போயின. "ஆண்டவரே, இன்ஜின் பாழாப் போகட்டும். இவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அன்று கடைசிச் சிக்னலில் அவளால் ஜெபிக்க முடியவில்லை. நாளைக்கு டாக்டர். இதை அவரிடம் மறைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கண்ணை மூடுவது? கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு எரிந்தது.

ஒரு முறை மினுக்கி, அணைந்து, பிறகு சிவப்பாக நின்றது. கிதியோன் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினார். விளக்கு அணைந்தது. காலை எடுத்தார், மறுபடி எரிந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஜெபத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"எரியுதுங்க" என்றாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்குத் தெரியுதா?"

"தெரியுது. சிவப்பா, நல்லாத் தெரியுது. முதல்ல இன்ஜினை நிறுத்துங்க."

அவர் இன்ஜினை அணைத்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. பாபுவின் கடை வீட்டுக்கு அடுத்த தெரு, வண்டி சூடாகுமுன்னே போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. இப்படி ஒரு மணி நேரம் வெந்து, நின்றால்தான் இது எரிகிறது. நின்றபோதெல்லாம் அவள் கண்ணை மூடியிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இன்ஜின் போச்சு. நீ ஏன் சிரிக்கிற?"

"போனாப் போகுது. நக்கோ, வேணவே வேணாம் இந்த வண்டி."

அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. "அண்ணன் மாதிரி எனக்கும் வந்துருச்சுன்னு நெனச்சேன் எவா. தினமும் காலையில, ஆதியாகமத்துலேர்ந்து வெளிப்படுத்தல் வரைக்கும் பைபிள் புத்தகம் பேரெல்லாம் வரிசையா மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன். மறந்துபோச்சான்னு."

அவள் கை அவர் முதுகில் நின்றது. கேட்காமல் விட்டுவிடலாம். ஆனால் கேட்டாள். "எங்கயாவது தடுக்குதா?"

பின்னால் ஒருவர் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டினார். கிதியோன் நிமிரவில்லை.

"சின்னத் தீர்க்கதரிசிங்க புத்தக வரிசையில. ஒபதியாவுக்கு அப்புறம். ரெண்டு வாரமாத் தடுக்குது."

"அங்க எல்லாருக்கும் தடுக்கும்" என்றாள் எவாஞ்சலின். "எனக்குந்தான்."

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்த வரிசையைப் பாட்டாகச் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஒருநாளும் தடுக்கியதில்லை.