கழிவுநீர்க் கிணற்றிலிருந்து ஏறி வந்தவன்

நாரின் என்ற ஆற்றின் கரையிலிருந்த சிற்றூரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆசில்கானும் அவள் கணவன் மெதெர்பெக்கும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். பனி உருகிய வெள்ளத்தில் ஒருநாள் பம்பு அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்கக் கிணற்றுக்குள் இறங்கிய கூட்டாளி உலான் விஷவாயுவில் மயங்கி விழுந்தான். மெதெர்பெக் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, "இழு!" என்று கத்தினான். மேலே நின்று இழுத்தவள் ஆசில்கான். மறுபடி கயிறு போட்டபோது கீழே அதைப் பிடிக்க மெதெர்பெக் இல்லை.

மெதெர்பெக் இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு ஊரே வந்திருந்தது. உலான் மட்டும் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாப்பா."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது அண்ணி? என்னை விட்டிருந்தா அண்ணன் இருந்திருப்பாரு."

இல்லையென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை.

"ஆமா, இருந்திருப்பாரு."

அவன் தாங்கமாட்டாமல் திரும்பி நடந்தான். அவள் செருப்பில்லாமல் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"உன்னை விட்டுட்டு ஏறி வந்த மனுசனோட நான் எப்படிடா குடும்பம் நடத்துவேன்? வா, வந்து சாப்பிடு."

சொன்னாளே தவிர, எப்படிப்பட்டவனாகவாவது கணவன் ஏறி வந்திருந்தால் போதுமென்றுதான் அவள் மனம் கிடந்து தவித்தது.